ஆறு நாள் முன்னால் பூத்த கிழங்கு

1.

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து பிறந்தது. ஒரு பூச்செடியை, வைக்கக் கூடாத இடத்தில் தவறுதலாக வைத்துவிட்டேன். அது ஆறு நாள் முன்னதாகவே பூத்துத் தொலைத்தது. அந்த உறுத்தலில்தான் எழுதுகிறேன்.

(முதல் பத்தியிலேயே ‘தவறு’ இரண்டு தடவை வந்துவிட்டது. திருத்தும்போது பார்த்துக்கொள்ளலாம்.)

2.

‘ஷாம் ஷுய் போவில் குளிர்காலம் என்பது’

வேண்டாம். எழுத ஒன்றும் தோன்றாதவர்கள்தான் வானிலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

‘மினிபஸ் ஓட்டுநர் யிப்புக்கு அறுபத்தோரு வயது, ஒரு மனைவி, அந்த மனைவி வான்கூவரில்’

இதில் அவரைக் கேலி செய்கிற தொனி இருக்கிறது. நேராகவே சொல்கிறேன். யிப் ஷாம் ஷுய் போ அடுக்ககத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர், ஏழாம் மாடி. ஒன்பது வருடம் முன்பு அவர் மனைவி பிக்-ஹா மகளின் படிப்புக்காக மகளோடு வான்கூவர் போனாள். ‘ரெண்டே வருஷம்’ என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது.

3.

ஒவ்வொரு வருடக் கடைசியிலும் யிப் பூச்சந்தையில் சுய்-சின் என்கிற நீர்ப்பூவின் கிழங்கு ஒன்று வாங்குவார். பார்க்க வெங்காயம் மாதிரி இருக்கும். சின்னக் கத்தியால் செதுக்கி, பீங்கான் தட்டில் கூழாங்கல்லும் தண்ணீருமாக வைப்பார். மண்ணே வேண்டாம். சீனப் புத்தாண்டு முதல் நாள் காலையில் சரியாகப் பூக்க வேண்டும், அதுதான் அதிர்ஷ்டம்.

அவர் வீட்டுச் சன்னலில் மேற்கு வெயில். என் சமையலறைச் சன்னல் வடக்குப் பார்த்தது, குளிர்ச்சி. அதனால் கடைசிப் பத்து நாள் தட்டு என் பொறுப்பு. முதல் வருடமே பாடம் எடுத்துவிட்டார்.

“மொட்டு அவசரப்பட்டா தண்ணில ஒரு சிட்டிகை உப்புப் போடு தங்கச்சி. தூங்குமூஞ்சியா இருந்தா ஃப்ரிட்ஜ் மேல ஏத்து. அந்தச் சூட்டுல முழிச்சுக்கும்.”

எட்டு வருடம் பூ நாள் தவறவில்லை. பிக்-ஹாதான் வரவில்லை.

(அடிக்குறிப்பு: எங்கள் மாடியில் எல்லாப் பெண்களும் அவருக்குத் தங்கச்சிதான், எழுபது வயது சலவைக்காரி உட்பட. இதில் எனக்கு வருத்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.)

4.

இந்த வருடம் பிக்-ஹா வருவதாகச் செய்தி. இரண்டு வார விடுப்பு. புத்தாண்டுக் காலையில் விமானம் இறங்கும். யிப் தட்டைப் பச்சைப்பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தார்.

“இந்தத் தடவை சரியா அன்னிக்கே பூத்துச்சுன்னா அவ திரும்பிப் போக மாட்டா. நான் மனசுல முடிவே பண்ணிட்டேன்.”

“பூவைக் கேட்டுத்தான் டிக்கெட் போடறாங்களா அண்ணே?”

“கிண்டல் பண்ணு, பண்ணு. ஆனா பத்திரமாப் பாத்துக்க. எட்டு வருஷமா உன் கை தப்பினதில்ல.”

அன்று சாயங்காலம் வருடக் கடைசித் துப்புரவு. சன்னலைத் துடைக்கத் தட்டை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன்.

[மூன்று பிரதியிலும் ‘மறந்துவிட்டேன்’ என்றே எழுதியிருக்கிறேன். அந்த ஃப்ரிட்ஜை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறக்கிறேன்.]

நான்காம் நாள் பூத்தது. வீடு முழுக்க வாசனை.

5.

இந்தக் கதையில் நான் நம்பாத ஒரே ஆள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. ஐம்பத்து மூன்று வயது, தனி ஆள், வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை சூப்பில் அவர் கிண்ணத்துக்குத் தாமரைக் கிழங்கு இரண்டு துண்டு கூடப் போடுகிறவள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எழுதப் பார்த்தேன்.

‘அவர் வாசலில் இன்னொரு ஜோடிச் செருப்பு’

அதற்கு மேல் கை ஓடவில்லை. ஏங்கிப்போயிருந்தேன், அவ்வளவுதான். இன்னொருத்தி வருவதற்காக எட்டு வருடம் பூவை நேரத்துக்குப் பூக்க வைத்தது என் கை.

முடிவு ஒன்று: பக்கத்து வீட்டுக்காரி பூச்சந்தைக்கு ஓடி, மொட்டோடு வேறு தட்டு வாங்கி மாற்றி வைக்கிறாள். (உண்மையில் போனேன். கையில் எடுத்தும் பார்த்தேன். திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.)

முடிவு இரண்டு: விமானம் ஆறு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறது. எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.

6.

புத்தாண்டுக்கு முந்தின நாள் தட்டை எடுக்க வந்தார். இலை துவண்டு, இதழ் ஓரம் பழுத்துக் கிடந்தது. திட்டவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் தூசியில் தட்டு வைத்த வட்டம் அப்படியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மறந்துதானே போச்சு, லாய்-குவன்?”

முதல் தடவையாக என் பெயர். லிஃப்ட் வந்து, நின்று, போயும் விட்டது. அதன் பிறகுதான் தட்டோடு போனார்.

பிக்-ஹா சொன்னபடி வந்தாள். துவண்ட இலைகளைச் சிவப்பு நூலால் கட்டி நிறுத்தியிருக்கிறாள். அவள் கிளம்ப இன்னும் ஐந்து நாள். இன்று காலை மாடி நடைவழியில் யிப் என்னை நிறுத்தினார்.

“டிக்கெட்டைத் தள்ளிப் போட்டு இங்கயே இருந்துடவான்னு கேக்கறா. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. நீயும் அன்னிக்குக் கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லல.”

என் பதிலுக்காகக் கீழே ஒரு வரி விட்டிருக்கிறேன். மறந்துதான் போனேன் என்றோ இல்லை என்றோ நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் வாய்விட்டுப் படிக்காதீர்கள். எங்கள் சுவர் மெல்லியது, அந்தப் பக்கம் பிக்-ஹா சிரிக்கிறாள்.

“……………………, அண்ணே.”