பதினான்கு முத்திரைகள்

கல்லறைத் தோட்டத்து வாசலில் அணியின் டாக்டர் ராடோஷ் காத்துக்கொண்டிருந்தான். நவம்பர் மாதத்துத் தூறல் அவனுடைய கறுப்புக் கோட்டின் தோள்களில் படிந்திருந்தது. கையில் ஒரு கட்டு மெழுகுவத்தி.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை, கூமே."

ஓக்னியென் நின்றான். நடக்கும்போது நோவதைவிட நிற்கும்போதுதான் அவனுடைய வலது முழங்கால் அதிகம் நோகும்.

"வுகாஷின் செத்ததைப் பத்திச் செவ்வாய்க்கிழமை விசாரணை. உனக்கும் கடுதாசி வந்திருக்குமே?"

"வந்துச்சு."

"வரிசையா நின்னோம், டாக்டர் எல்லார் நெஞ்சையும் பார்த்தார்னு சொல்லு. மத்தவங்க நீ சொல்றதைத்தான் சொல்வாங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. பெரியவளுக்குப் பேர் வச்சது நீ."

ராடோஷ் ஓக்னியெனுடைய கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன். ராடோஷின் மகளைத் திருமுழுக்கின்போது கையில் ஏந்தியவன் ஓக்னியென். இந்த உறவுக்குத்தான் அங்கே கூம் என்று பெயர்; இவர்களுடைய தாத்தாக்களும் ஒருவருக்கொருவர் கூம். உடன்பிறந்தவனோடு சண்டை போடலாம், அப்பனோடு பேசாமல் இருக்கலாம். கூமுக்கு எதிராக வாய் திறந்தவனை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் மேட்டில் ஏறினார்கள். வழிநெடுக மரங்களில் கறுப்புக் கரை போட்ட இரங்கல் தாள்கள் ஒட்டியிருந்தன. அணி சார்பில் வுகாஷினுக்கு ஒட்டிய தாள் நாற்பது நாள் மழையில் வெளுத்துப்போயிருந்தது. படத்தில் அணியின் சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தான். கீழே துக்கப்படுவோர் வரிசையில் முதல் பெயர் ஓக்னியெனுடையது.

பதினேழு வயதில் கூடைப்பந்து ஆட ஒரு பையோடு பெல்கிராட் பஸ் ஏறியவன் ஓக்னியென். போலந்தில் மூன்று வருடம், லெபனானில் இரண்டு, சைப்ரஸில் ஒன்று. போகிற இடமெல்லாம் ஊர்ப்பெயர் தெரியாத அறைகள், ஐஸ் வாளிக்குள் கால். முப்பத்திரண்டாவது வயதில் துருக்கியில் ஒரு நல்ல அணி கூப்பிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழங்காலைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளன் தயங்கினான். "ஐம்பது வயசு ஆளோட காலை எதுக்குக் காட்டுறீங்கன்னு கேக்கிறார்." அன்று மத்தியானமே ஓட்டல் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள்.

அப்படித்தான் ஊருக்குத் திரும்பினான், இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் சொந்த ஊர் அணிக்கு. கேப்டன் ஆக்கினார்கள். இங்கேயும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஆட்டக்காரர்களின் மருத்துவப் புத்தகத்தில் டாக்டரின் முத்திரை விழவேண்டும். தன் புத்தகத்தை மட்டும் நீட்டினால் ராடோஷால்கூடக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. அதனால் பதினான்கு புத்தகங்களையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போனான். கஃபானா என்கிற ரயிலடி மதுக்கடையில், வறுத்த இறைச்சித் தட்டுக்கும் பிளம் சாராயமான ராக்கியாவுக்கும் நடுவே, ராடோஷ் முத்திரையை ஊதி ஊதிக் குத்தினான். அடுத்த ஆகஸ்டிலும் அப்படியே. மூன்றாவதான இந்த ஆகஸ்டில் அது வழக்கமாகவே ஆகிவிட்டது. எல்லோருக்கும் ஒரு காலை நேரம் மிச்சம்.

இந்த ஆகஸ்டில் வுகாஷின் மட்டும் புத்தகத்தோடு ஒரு பெரிய ஜாடியையும் நீட்டினான். மிளகாயைச் சுட்டு அரைத்த ஐவார்.

"அம்மா டாக்டருக்குக் குடுத்து விட்டாங்க, கேப்டன். நெஞ்சை நல்லாப் பார்க்கச் சொல்லணுமாம். மாமா முப்பது வயசுல தூக்கத்துலயே போயிட்டாரில்ல, அந்தப் பயம்."

"இருபத்தாறு வயசுல நெஞ்சுல என்னடா இருக்கப்போகுது?"

"உன் முட்டிச் சத்தம்தான் இருக்கு. அது எதிர் டீமுக்கே கேக்குது!"

உடைமாற்றும் அறையே சிரித்தது. ஓக்னியெனும் சிரித்தான். ஜாடியை ராடோஷிடம் கொடுத்தான். சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. சொன்னால் ராடோஷ் வுகாஷினைக் கூப்பிடுவான். ஒருவனைக் கூப்பிட்டால் மற்றவர்களையும் கூப்பிட வேண்டிவரும். அக்டோபரில், இரண்டாவது ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்த வுகாஷின் யாரும் தொடாமலே முகம் குப்புற விழுந்தான். பந்து மட்டும் தனியாகத் துள்ளித் துள்ளிப் போய்ச் சுவரில் மோதி நின்றது.

நாற்பதாம் நாள் சடங்குக்காகக் கல்லறையைச் சுற்றி உறவினர்களும் அணிக்காரர்களுமாக இருபது பேர் இருந்தார்கள். பாதிரியார் தூபம் காட்டி முடித்திருந்தார். பளிங்கின்மேல் விரிப்புப் போட்டு, ரொட்டி, மீன், சர்க்கரை சேர்த்துப் பிசைந்த கோதுமை எல்லாம் பரப்பியிருந்தார்கள். ஓக்னியென் பன்னிரண்டு வெள்ளைப் பூக்களை வைத்தான். வுகாஷினின் அப்பா திஹோமிர், ரயில்வேயில் வேலை பார்ப்பவர், ஒரு சின்னக் கிளாஸில் ராக்கியா ஊற்றி நீட்டினார். அம்மா டெசாங்கா கோதுமைத் தட்டோடு வந்து நின்றாள். ஓக்னியென் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான்.

"டுன்யா திங்கட்கிழமை பயிற்சிக்குத் திரும்பப் போறா," என்றார் திஹோமிர். பக்கத்தில் பத்தொன்பது வயது டுன்யா, பெண்கள் அணியின் மேல்சட்டை போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள். நல்ல உயரம். அண்ணனுடைய தோள்கள்.

"விடமாட்டேன்னுதான் இருந்தேன்," என்றாள் டெசாங்கா. "என் தம்பியும் போனான், இவனும் போனான். என் ரத்தத்துலதான் ஏதோ இருக்குன்னு ராத்திரியெல்லாம் கிடந்து யோசிச்சேன். பெல்கிராட்லருந்து உடல் சோதனை அறிக்கையும் இன்னும் வரல. அப்பறம் இவர்தான் சொன்னார். ஆகஸ்ட்ல டாக்டர் மெஷின் வச்சுப் பார்த்தாரே, நம்ம தம்பி விஷயத்தையும் சொல்லித்தானே விட்டோம், அப்படி ஏதாவது இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமேன்னு. டாக்டர் பார்த்தார்தானே, தம்பி? நீதானே கூட்டிட்டுப் போனே?"

ராடோஷ் மெழுகுவத்தியை மணலில் ஊன்றிக்கொண்டிருந்தான். அவனுடைய கை அப்படியே நின்றது.

ஓக்னியென் வாயில் கோதுமை இருந்தது. அதை மென்றான். செவ்வாய்க்கிழமைக்காக வார்த்தைகள் தயாராக இருந்தன. வரிசையாக நின்றோம். எல்லோரையும் பார்த்தார். இந்தப் பருவம் முடிந்ததும் அவனைப் பயிற்சியாளர் ஆக்குவதாகப் பேச்சு. அதற்கும் அந்த வார்த்தைகள் போதும். கீழே சாலையில் ஒரு லாரி மூச்சிரைத்து ஏறியது. டுன்யா சளியை உறிஞ்சிவிட்டுக் கையால் மூக்கைத் துடைத்தாள். துடைக்கும்போதும் விரல்கள் பந்தைப் பிடிப்பதுபோலவே விரிந்திருந்தன.

"இல்ல, அத்தை," என்றான்.

"என்ன இல்ல?"

"யாரையும் பார்க்கல. புத்தகத்தையெல்லாம் நான்தான் பையில போட்டு எடுத்துட்டுப் போனேன். கஃபானாவுல முத்திரை குத்தினோம். மூணு வருஷமா அப்படித்தான்."

"கூமே!" என்றான் ராடோஷ்.

"என் கால் தேறாது. அதை மறைக்கத்தான் எல்லாரோடதையும் சேர்த்துக் கொண்டுபோனேன். உங்க தம்பி விஷயத்தை வுகாஷின் என்கிட்ட சொன்னான். ராடோஷ்கிட்ட நான் சொல்லல. ஜாடியை மட்டும் குடுத்தேன்." டுன்யா பக்கம் கை காட்டினான். "டுன்யாவை ஓட விடாதீங்க. முதல்ல பெல்கிராட் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

டெசாங்கா கோதுமைத் தட்டை மகனுடைய பளிங்கின்மேல் வைத்தாள். திரும்பி டுன்யாவின் மேல்சட்டையைத் திறந்து, உள்ளங்கையை அவள் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க."

"பேசாம நில்லு."

ராடோஷ் மீதி மெழுகுவத்திகளைக் கல்லறை ஓரத்தில் வைத்துவிட்டு, ஓக்னியெனின் முகத்தைப் பார்க்காமலே மேட்டிலிருந்து இறங்கினான். அவனுக்கு வழிவிட்ட அணிக்காரர்கள் மறுபடி நெருங்கி நிற்கவில்லை. நடுவே அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

திஹோமிர் ஓக்னியென் பக்கம் திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமையும் இதையே சொல்லுவியா?"

"சொல்லுவேன், மாமா."

"சொல்லு." ஓக்னியெனின் கையிலிருந்த கிளாஸை வாங்கி, குடிக்காத ராக்கியாவைத் தரையில் ஊற்றினார். காலிக் கிளாஸைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். "சொல்லிட்டு இந்த மேட்டுக்கு இனிமே வராதே."

ஓக்னியென் தலையசைத்தான். இறக்கத்தில் முழங்கால் மடங்க மறுத்தது. ஒவ்வொரு மரமாகப் பிடித்துப் பிடித்து, இரங்கல் தாள்கள்மேல் கை பட்டுவிடாமல் பார்த்துப் பார்த்து இறங்கினான். வாசலில் ராடோஷின் கார் இல்லை. திரும்பி மேலே பார்த்தபோது எல்லோரும் கலையத் தொடங்கியிருந்தார்கள். டெசாங்காவின் கை மட்டும் மகள் நெஞ்சைவிட்டு இன்னும் இறங்கவில்லை.