வேண்டாததை அடித்துவிடலாம்

பேனாவும் கையுமாக அவள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தாளில் ஒரு புள்ளிகூட விழவில்லை. மறுநாள் காலை, சலவைக்கூடத்து விபத்தைப் பற்றி விசாரணை. பார்த்தவர்கள் எல்லோரும் நடந்ததை எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று தொழிற்சாலை ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பதினாறு வருடமாகச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்த கை அது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கையெழுத்தைத் தவிர எதையும் எழுதியதில்லை.

“எடுத்த எடுப்புலயே ஒழுங்கா எழுதணும்னு ஏம்மா பாக்குற?” என்றாள் மகள், காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டே. “தோணுறதையெல்லாம் துண்டு துண்டா போடு. வேணாததை அப்புறம் அடிச்சிடலாம்.”

அடித்துவிடலாம் என்றது கொஞ்சம் தெம்பாக இருந்தது. போட்டாள். செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டு மணிக்கு முன்னால். புழுக்கம். இஸ்திரி உருளையில் நெட்டை நின்றாள். நெட்டை என்றால் கூட வேலை செய்கிறவள். உயரத்தால் வந்த பெயர். ஈர விரிப்பு. சத்தம் முதலில் கேட்கவில்லை. வலது கை மணிக்கட்டு வரை உள்ளே.

ஒரு சொல் அடுத்ததை இழுத்து வந்தது. ‘தடுப்புக் கம்பி’ என்று எழுதியதும் பேனா நின்றது. கை பட்டால் உருளையை நிறுத்திவிடும் கம்பி அது. துணி பட்டாலும் நின்றுவிடும். “வேலை நகரவே மாட்டேங்குது, அதத் தூக்கிக் கட்டித் தொலைங்க” என்று சூப்பர்வைசர் கத்தியதைப் பத்துப் பேர் கேட்டார்கள். விரிப்பில் ஒரு பட்டை கிழித்து, கம்பியைத் தூக்கி, இரட்டை முடிச்சுப் போட்டது பேனா பிடித்திருந்த இந்தக் கை மட்டும்தான்.

கம்பி என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டாள். இன்னொரு கோடு. தாள் கிழிகிற மட்டும் போட்டும் அது தெரிந்தது.

போன் அடித்தது. சூப்பர்வைசர்.

“என்னம்மா, எழுதியாச்சா? ரெண்டு வரி போதும். நெட்டை அசந்து கைய விட்டுட்டா, முடிஞ்சுது. கம்பி கிம்பின்னு ஆரம்பிச்சா, கட்டுனது யாருன்னு கேப்பாங்க. நான் யாரைக் காட்டுறது, நீயே சொல்லு.” குரலில் கோபமே இல்லை.

“யாரும்மா?” என்றாள் மகள்.

“வேலை விஷயம்.” தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். போய் என்ன கேட்கப் போகிறோம் என்று பஸ்ஸில் யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

நெட்டையின் கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வலது கை முழங்கை வரை கட்டு.

“ஆபீசர் வந்தாருடி. கை வழுக்கிடுச்சுன்னு சொல்லிட்டேன்.”

“ஏன் அப்படிச் சொன்ன?”

“வேற எப்படிச் சொல்ல? முடிச்சு யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியாதா?” நெட்டை ஜன்னல் பக்கம் பார்த்தாள். “என் தப்புன்னு ஆயிட்டா திரும்ப வேலைக்குச் சேத்துக்க மாட்டாங்களாம். பரவால்ல விடு, இந்தக் கைய வச்சிக்கிட்டு என்னத்த மடிக்கப் போறேன்.”

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அவள் இடுப்பிலிருந்த தாளை எடுத்து நீட்டினாள். நெட்டை இடது கையால் வாங்கி, உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தாள். அடித்த இடத்தில் சற்று நின்றாள். பிறகு மேல் வரிக்கு வந்தாள்.

“சத்தம் கேக்கலைன்னு போட்டிருக்க.”

“முதல்ல கேக்கலடி. உருளைச் சத்தத்துல…”

“உன்னத்தான் கூப்பிட்டேன். மூணு தடவை.”

வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் தாளைத் திரும்ப வாங்கி, கட்டிலின் ஓரத்தில் வைத்து, பேனாவைத் திறந்தாள். நாளைக்கு அந்த ஆய்வாளர் இதைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தும்போது தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. நெட்டை இடது கையை அதன் மேல் விரித்து அழுத்திக்கொண்டாள். ‘கம்பியைத் தூக்கிக் கட்டியது’ என்று எழுதியதும் வரி அந்த விரல்களுக்கு அருகே வந்துவிட்டது. அடுத்து வர வேண்டிய ‘நான்’ என்ற சொல்லுக்கு இடம் போதவில்லை. பேனா முனை சுண்டுவிரலைத் தொட்டது. நெட்டை கையை நகர்த்தவில்லை.