மேடையில் சொன்ன பெயர்

வேல்ஸ் நாட்டில் கவுண்டி என்கிற அந்த மாவட்டத்துக்கு லண்டன் பாராளுமன்றத்தில் ஒரே ஓர் இடம். ஷோனெட்டின் தாத்தா காலத்திலிருந்து அதற்குப் போட்டி என்று ஒன்று நடந்ததே இல்லை. இரண்டு பெரிய மாளிகைக்காரர்கள் விருந்தில் உட்கார்ந்து, இந்த முறை உன் மருமகன், அடுத்த முறை என் தம்பி என்று பேசி முடித்துவிடுவார்கள். ஓட்டு இருந்த குடியானவர்கள் அதைப் போட வேண்டிய அவசியமே வராமல் செத்துப்போனார்கள். 1868-ல் லிபரல் கட்சி ஒரு கப்பல் வியாபாரியை நிறுத்தியபோது ஊரில் யாரும் முதலில் நம்பவில்லை. அவரும் மாளிகைக்காரர்களின் ஆங்கிலத் தேவாலயத்துக்குப் போகாமல், தங்களைப் போலச் சபைக் கூடத்தில் வேல்ஷ் மொழியில் ஜெபம் செய்கிறவர் என்று தெரிந்த பிறகுதான் ஊருக்குச் சூடு பிடித்தது.

ஷோனெட்டின் கணவன் கொரோன்வி, பிளைன்வெர்ன் பண்ணையைக் குத்தகைக்கு வைத்திருந்தான். மலைச்சரிவில் முக்கால்வாசி சதுப்பு நிலம். அவனும் அவன் அப்பாவும் கால்வாய் வெட்டி வெட்டி அதை ஓட்ஸ் விளையும் வயலாக்கியிருந்தார்கள். பிள்ளையில்லாத வீடு. அவர்களுக்கு அந்த வயலும் மாடுகளும் சபைக் கூடமும்தான் உலகம். கூடத்தை நடத்தும் மூப்பர்களில் கொரோன்வியும் ஒருவன். பக்கத்துப் பண்ணை ஷோனெட்டின் அண்ணன் மாடோக்குடையது. அவனும் ஒரு மூப்பர்தான். இரண்டு பண்ணைக்கும் ஒரே துரைதான் சொந்தக்காரர், அந்த இரண்டு மாளிகைக்காரர்களில் ஒருவர். இந்த முறை நின்றது அவருடைய மருமகன்.

தேர்தலுக்கு முன்னால் துரையின் காரியஸ்தர் பார்ஜெட்டர் குதிரையில் வீடு வீடாக வந்தார். மிரட்டவில்லை. மோர் வாங்கிக் குடித்தார், மாட்டைத் தட்டிக் கொடுத்தார், போகும்போது சேணத்தில் ஏறிக்கொண்டே சொன்னார்.

"துரைக்கு உன் மேல ரொம்ப நம்பிக்கை, கொரோன்வி. நிலம் யாருதோ ஓட்டும் அவருதுதான். இதை நான் சொல்லித்தான் உனக்குத் தெரியணுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே கூடத்தில் போதகர் மூப்பர்களை எழுந்து நிற்கச் சொன்னார். மனசாட்சிப்படி ஓட்டுப் போடுகிறவர்கள் கை தூக்கட்டும் என்றார். முதலில் தூக்கியவன் மாடோக். கொரோன்வியும் தூக்கினான். ஆனால் வாரம் முழுக்கக் கால்வாய் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தான். கடைசியில், கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு மனதில் இருந்ததைச் சொன்னான்.

"துரை வீட்டு ஆளுக்கே சொல்லிட்டு வந்துடறேன், ஷோனெட். வாயால ஒரு பேரு, அவ்வளவுதானே. உள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்குத் தெரியாதா?"

"கடவுளுக்குத் தெரியும். முன் பெஞ்சில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியாதே" என்றாள் ஷோனெட். "எங்க அண்ணன் கை தூக்கினார், நீங்களும் தூக்கினீங்க. தூக்கின கையை இனிமே எங்க கொண்டு போய் வச்சுக்கப் போறீங்க?"

அவன் கிண்ணத்தைத் திரும்ப இழுத்து, ஆறிப்போன கஞ்சியைக் குடித்து முடித்தான். தான் ஜெயித்துவிட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டாள்.

ஓட்டுப்பதிவு நாளன்று சந்தைத் திடலில் பலகை மேடை போட்டிருந்தார்கள். நவம்பர் மழை. ஓட்டுக்காரன் மேடை ஏறி, எழுதுகிறவர் முன்னால் நின்று, தன் பெயரையும் தான் தேர்ந்தெடுக்கும் ஆளின் பெயரையும் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். எழுதுகிறவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு பார்ஜெட்டர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் யாராலும் அந்த மேடையில் வாய் திறக்க முடியாது. ஷோனெட் மற்றப் பெண்களோடு கூட்டத்தின் முன்வரிசையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

மாடோக் முதலில் ஏறினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, துரையின் மருமகன் பெயரைச் சொன்னான். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவன் பின்பக்கப் படியில் இறங்கி, தங்கையின் பக்கம் திரும்பாமலே போய்விட்டான். அடுத்தது கொரோன்வி. நனைந்த தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எழுதுகிறவர் இரண்டு தடவை கேட்கும்வரை பேசவில்லை. கூட்டத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு கப்பல் வியாபாரியின் பெயரைச் சொன்னான்.

தொப்பிகள் பறந்தன. யார் யாரோ ஷோனெட்டின் தோளைத் தட்டினார்கள். தன் கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு பெருமையாக நின்றதில்லை.

லிபரல் ஆள் ஜெயித்தார். அன்று மாலை மலையெல்லாம் சொக்கப்பனை எரிந்தது. தாங்கள் பிறந்ததிலிருந்து மாளிகைக்காரர்களின் கையில் இருந்த தொகுதி தங்கள் கைக்கு வந்துவிட்டதென்று கிழவர்கள் அழுதார்கள். வசந்தகாலத்தில், ஆடுகள் குட்டி போடும் நேரத்தில், மாளிகையின் ஆள் ஒருவன் தொழுவ வாசலில் வந்து நின்று, அறுவடை முடிந்ததும் பிளைன்வெர்னைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் சில வீடுகளுக்கும் அதே செய்திதான்.

கொரோன்வி எங்கேயும் போய்க் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாமல் ஷோனெட் மாளிகைக்குப் போனாள். பார்ஜெட்டர் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. என் வீட்டுக்காரருக்கு அதில் விருப்பமே இல்லை, நான்தான் தூண்டிவிட்டேன், தண்டனை கொடுப்பதானால் எனக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் துரையின் தேவாலயத்துக்கே வருகிறோம் என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னாள்.

பார்ஜெட்டர் பொறுமையாகக் கேட்டார். "இதை நீ முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும்மா. பிளைன்வெர்னை உங்க அண்ணனுக்குக் குடுத்தாச்சு. அவரே வந்து கேட்டார். நடுவுல இருக்கிற வேலியை எடுத்துட்டா உழவுக்கு வசதின்னார்."

அவள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாடோக் முற்றத்தில் வண்டிச் சக்கரத்துக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன், அவள் கேட்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தான்.

"நான் வாங்கலேன்னா வேற எவனாவது வாங்குவான். அசலான் கைக்குப் போறதுக்கு நம்ம ரத்தத்துலயே இருக்கட்டுமே."

"கூடத்துல முதல்ல கை தூக்கினது நீதானே அண்ணே. உன்னைப் பார்த்துதான் அவரை நான் அனுப்பினேன்."

"கை தூக்கினேன். எனக்கு அஞ்சு பிள்ளைங்க இருக்கு, ஷோனெட். உனக்கு யாரு இருக்கா? நீங்க ரெண்டு பேரும் எங்க போனாலும் பிழைச்சுக்குவீங்க."

 பிள்ளையில்லாத குறையை அண்ணன் அதுவரை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

மாடுகளை ஏலம் விட்ட அன்று அவள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொரோன்வி ஒவ்வொரு மாடாகக் கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்டினான்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, கூடத்தில் போதகர் செய்தித்தாளைப் படித்தார். தங்கள் உறுப்பினர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று, ஓட்டுக்காக வீடிழந்த குடியானவர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தார். ரகசிய ஓட்டு வேண்டும் என்று கேட்டிருந்தார். பிளைன்வெர்ன் பெயரும் அதில் வந்தது, ஆனால் கொரோன்வியின் பெயருக்குப் பதில் யாரோ வேறொருவர் பெயரோடு. கூடத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாடோக்கும் துடைத்துக்கொண்டான். அந்த உறுப்பினர் பள்ளத்தாக்குப் பக்கம் வரவே இல்லை. வருவார், நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று ஷோனெட் கடைசிவரை எதிர்பார்த்தாள்.

தெற்கே நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் போனார்கள். அங்கே வேறொருவர் வீட்டில் ஒரே அறையில் ஒண்டுக்குடித்தனம். மழையையும் மண்ணையும் பார்த்து வளர்ந்தவன், நாற்பது வயதுக்குமேல் பூமிக்குள் இறங்கினான். மண்வெட்டி பிடித்துப் பழகிய கைதான், ஆனால் நெஞ்சுக்கு அந்தத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. ஓரிரு வருடத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்தால் குளித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். ஒரு தடவையாவது அவன் தன்னைத் திட்டிவிட மாட்டானா என்று அவள் ஏங்கினாள். அவன் திட்டவே இல்லை.

ரகசிய ஓட்டுச் சட்டம் வந்தது. 1874-ல் ஊரில் மறுபடி தேர்தல் நடந்தது. அது முடிந்த சில நாளில், யாரும் எதிர்பாராமல், மாடோக் வெண்ணெய்க் கட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தான். உடம்பு தளர்ந்திருந்தது. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கொரோன்வியின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"இந்தத் தடவை நான் லிபரலுக்குத்தான் போட்டேன். மறைப்புக்குள்ள நின்னு, பென்சிலால கோடு போட்டு. யாருக்கும் தெரியாது."

"யாரு ஜெயிச்சா?" என்று கொரோன்வி கேட்டான்.

மாடோக் தயங்கினான். "துரையோட மருமகன்தான். யாரு எதுக்குப் போட்டாங்கன்னே தெரியல. கூடத்து ஆளுங்களைக் கேட்டா எல்லாரும் லிபரலுக்குன்னுதான் சொல்றாங்க." பிறகு, ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்பதுபோல, "உங்களுக்கு இங்க ஓட்டு எப்படி, மச்சான்?" என்று கேட்டான்.

ஒண்டுக்குடித்தனக்காரனுக்கு ஏது ஓட்டு? கொரோன்வி சிரிக்கப் போய் இருமல் வந்து, வெகுநேரம் இருமினான். மாடோக் வெண்ணெயை வைத்துவிட்டுக் கிளம்பினான். ஷோனெட் வாசல்வரைகூடப் போகவில்லை.

இருமல் அடங்கியதும் கொரோன்வி அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். கோபமில்லாத குரலில், ஏதோ வானிலையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினான்.

"அன்னைக்கு நான் துரை வீட்டுப் பேரைச் சொல்றதுன்னு முடிவு பண்ணித்தான் மேடை ஏறினேன், ஷோனெட். மாடோக் சொன்னதும் எனக்கு மனசு லேசாச்சு. பழி அவனோட போயிடும்னு நினைச்சேன். அப்புறம் கூட்டத்துல உன்னைப் பார்த்துட்டேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் கரி ஏறிய நீலத் தழும்புகள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தாள். என்னவென்று கேட்பது? பெருமையோடு நின்றதற்கா? அவனும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதைச் சொல்லி முடித்ததோடு அவனுக்கு எல்லாமே முடிந்துவிட்டது போலிருந்தது. அதன்பின் இன்னும் பல வருடம் சுரங்கத்தில் இறங்கி ஏறினான். ஆனால் ஊரைப் பற்றியோ வயலைப் பற்றியோ அவன் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.

சுரங்கத் தொழிலாளிக்கும் ஓட்டு என்று சட்டம் வந்தது. அதற்கு முந்தின குளிர்காலத்தில் அவன் செத்துப்போயிருந்தான். 1885 தேர்தலில் நெஞ்சில் ரிப்பன் குத்திய இரண்டு வாலிபர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். வீட்டில் ஆம்பளை யாராவது இருக்கிறார்களா, அவர் பெயர் என்ன என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

"யாரும் இல்லப்பா" என்றாள் ஷோனெட்.

அவர்கள் தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவள் கதவைச் சாத்திவிட்டு, அணைந்துகொண்டிருந்த அடுப்பின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கரி எடுத்துப் போட எழுந்திருக்கவில்லை.