அஞ்சடியில் சைக்கிள்

சைக்கிள் திடீரென்று கனத்தபோது பெஞ்சமின் இன்னும் பலமாக மிதித்தான். சக்கரத்தில் ஏதோ துணி சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைத்தான். அவனுக்கு முன்னால், குறுக்குக் கம்பியில் மடித்துக் கட்டிய சாக்கின் மேல், நான்கு வயது மகள் ஐரீன் இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவன் எழும்பி நின்று இரண்டாவது முறையும் மிதித்தான். அதற்குள் வெற்றிலைக் கடை ஹபீப் முகம்மது தன் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார்.

"நிறுத்து தம்பி! பிள்ளை கால் சக்கரத்துல!"

குனிந்து பார்த்தான். ஐரீனின் வலது பாதம் முன்சக்கரக் கம்பிகளுக்கு இடையில் நுழைந்து, சக்கரத்தைத் தாங்கும் கவையோடு நெரிந்திருந்தது. பக்கத்துத் தகரக் கடைச் சீனர் குறடு கொண்டுவந்து ஒவ்வொரு கம்பியாக வெட்டினார். நான்காவது கம்பி போனதும் கால் வெளியே வந்தது. குதிகாலின் தோல் ஒரு பக்கமாக உரிந்து தொங்கியது. ஐரீன் தன் காலை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். கீழுதட்டில் பல் பதிந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

பினாங்கில் டத்தோ கிராமாட் ரோட்டில் கடைகளுக்கு முன்னால் கூரைபோட்ட அஞ்சடி நடைபாதை நீளமாகப் போகிறது. அதில் சைக்கிள் விடக்கூடாது. போலீஸ்காரர் இரண்டு முறை கையைக் காட்டி அவனைக் கீழே இறங்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் ரோட்டில் டிராம் தண்டவாளம் பதிந்து கிடந்தது. மழை பெய்தால் அந்த இரும்பு சவர்க்காரம் மாதிரி வழுக்கும். ஒருநாள் தபால்காரர் ஒருவரின் சைக்கிள் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் மாட்டி, அவர் டிராமுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்ததை அவன் பார்த்தான். அன்றிலிருந்து மழைநாளில் பிள்ளையை ஏற்றினால் அஞ்சடிதான். கடைக்குக் கடை தளம் ஏறி இறங்கும். தெரிந்த இடங்களில் மெதுவாக விடுவான். அன்று காலையும் மழை. ஒரு சின்னப் படியில் முன்சக்கரம் குதித்தது. அந்தக் குதியில்தான் கால் நழுவியிருக்க வேண்டும்.

ரிக்‌ஷாவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தன் கைகள் நடுங்கவில்லை என்பதைக் கவனித்தான். வழியில் இருந்த கடைப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனான். ஆறு மாதத்துக்கு முன்னால், போன அக்டோபரில், ஊரெல்லாம் விஷக் காய்ச்சலில் விழுந்தபோது அவன் மனைவி ஆலிஸ் மூன்றே நாளில் போய்விட்டாள். அவளைக் குழியில் இறக்கும்போதும் இப்படித்தான். கயிறு புதுசு, இன்னும் பிசிறு போகவில்லை என்று அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அழுகை பிறகு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் வரும் என்றுதான் இருந்தான்.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் எலும்பு முறியவில்லை என்றார். குதிகாலில் தையல் போட்டார். ஊசி உள்ளே போகும்போது ஐரீனின் விரல்கள் பெஞ்சமினின் சட்டைப் பொத்தானைத் திருகின. வேறு ஒன்றும் இல்லை.

"நல்ல பிள்ளை. பெரியவங்களே கூரையைப் பிச்சிருவாங்க" என்றார் டிரெஸ்ஸர்.

"ஆமாங்க. இவ அழமாட்டா" என்றான் பெஞ்சமின்.

ஆலிஸின் அக்கா அமலம்மாள் பினாங்கு ரோட்டுக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் குடியிருந்தாள். கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலைக்குப் போகும் வழியில் பிள்ளையை அவளிடம்தான் தினமும் விட்டுவிட்டுப் போவான். அன்று ரிக்‌ஷாவிலிருந்தே அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். உள்ளே படுக்க வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"அஞ்சடியில யாராச்சும் சைக்கிள் விடுவாங்களா தம்பி? அது நடக்குற இடம்லா."

"ரோட்டுல டிராம் போற எடம் வழுக்குதுக்கா."

"அப்ப தள்ளிக்கிட்டு வரலாம்ல?"

"ஆபீசுக்கு நேரமாயிரும்."

அமலம்மாள் உள்ளே படுத்திருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். "பிள்ளை இங்கயே இருக்கட்டும்."

"கால் ஆறுற வரைக்குமா?"

"இல்ல. இங்கயே இருக்கட்டும். காலையில கொண்டாந்து வைக்கிறதும் சாயங்காலம் எடுத்துட்டுப் போறதுமா, அவ என்ன குடையா?"

"சரிக்கா" என்றான்.

அவள் இன்னும் நிறையப் பேச வேண்டியிருக்கும் என்று எண்ணியிருக்க வேண்டும். அந்தச் 'சரி'யைக் கேட்டதும் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு அவன் ஆபீசுக்கு நடந்து போனான். காலையில் தலை வார வேண்டிய பிள்ளை இல்லாததால் நேரம் மிச்சமாக இருந்தது. அந்த நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமலம்மாள் வீட்டுக்குப் போவான். ஐரீன் காலை ஒரு தலையணை மேல் வைத்துக்கொண்டு அவனைப் பார்ப்பாள். அவன் அவளைப் பார்ப்பான். வீட்டில் அவள் இல்லாதது வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பது மட்டும் அவ்வப்போது தெரிந்தது, மரத்துப்போன விரலைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

நான்காவது வாரம் ஹபீப் முகம்மது அவனை மறித்தார். "சைக்கிள் என் கடை ஓரத்துலயே நிக்குதே, எடுக்க மாட்டியா? கம்பி எல்லாம் புதுசா மாத்தியாச்சு."

"இனிமே தேவைப்படாது பாய். பிள்ளை அவ பெரியம்மா வீட்டுல இருக்கா."

"யாரு சொன்னது?"

"அக்காதான்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். "தம்பி, தப்பு எதுலன்னு நான் சொல்லவா? சாக்கைக் கட்டி உக்கார வச்சே. சரி. கால் வைக்க எடம் எங்க? பிள்ளை கால் அந்தரத்துல தொங்கினா சக்கரத்துக்குள்ளதான் போகும். ரோட்டுல விட்டாலும் போகும், அஞ்சடியில விட்டாலும் போகும்." பிறகு கடையைத் தகரக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவனை இரண்டு தெரு தள்ளியிருந்த பிரம்புக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பிரம்பு பின்னும் சீனக் கிழவருக்கு ஹபீப் முகம்மது மலாய் பாஷையில் விளக்கினார். குறுக்குக் கம்பியில் மாட்ட ஒரு சின்ன நாற்காலி. முதுகுக்குச் சாய்மானம். இடுப்பில் ஒரு வார். இரண்டு பக்கமும் கால் வைக்கக் கூடை மாதிரி அடைப்பு, விரல்கூட வெளியே போகக்கூடாது. கிழவர் தலையாட்டிவிட்டு, கால் எவ்வளவு நீளம் என்று பெஞ்சமினிடம் சைகையில் கேட்டார். பெஞ்சமின் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். பிறகு கொஞ்சம் குறுக்கினான். மறுபடியும் விரித்தான். அவனுக்குத் தெரியவில்லை. கிழவர் ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே அமலம்மாள் வீட்டுக்குப் போனான். ஐரீன் பாயில் உட்கார்ந்திருந்தாள். கட்டு பிரித்தாயிற்று. குதிகாலில் பிறை மாதிரி ஒரு சிவந்த தழும்பு. அவன் எதிரில் உட்கார்ந்து அவள் முழங்காலில் கயிற்றின் ஒரு முனையை வைத்து, பாதம் வரை இழுத்தான்.

"எதுக்கு அப்பா?"

"சைக்கிளுக்கு நாற்காலி செய்ய."

"என்னை மறுபடியும் ஏத்துவீங்களா?"

"ஏன் கேக்குறே?"

"நான் அழலியே அப்பா."

"எப்ப?"

"சக்கரத்துல மாட்டிக்கிச்சே, அப்ப. ஊசி போட்டப்பவும் அழல. அழுதா ஏத்த மாட்டேன்னு சொன்னீங்கல்ல. பெரியம்மா வீட்டுலயே விட்டுட்டுப் போயிருவேன்னு சொன்னீங்கல்ல."

அவன் யோசித்தான். நவம்பரில் ஒரு காலை. அம்மா வந்தால்தான் வருவேன் என்று அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. அப்போது சொல்லியிருக்கிறான். சொன்னதும் அழுகை நின்றது. மறுநாளும் அழவில்லை, அதற்கு மறுநாளும் அழவில்லை. அது அவனுக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

அடுப்படி நிலையில் அமலம்மாள் கையில் குழம்புக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்டுவிட்டாள் என்பது தெரிந்தது. கயிற்றில் பிடித்திருந்த இடம் அவன் விரலிலிருந்து நழுவிவிட்டது. மறுபடி முழங்காலில் வைத்து முதலிலிருந்து அளந்து, முடிச்சுப் போட்டான்.

நாற்காலி சனிக்கிழமை தயாரானது. மதியம் ஆபீஸ் முடிந்ததும் சைக்கிளில் அதைப் பொருத்திக்கொண்டு சந்துக்குப் போனான். அமலம்மாள் வெளியே வந்து சாய்மானத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். வாரை இழுத்துப் பார்த்தாள். கால் கூடைக்குள் தன் கையை விட்டு, விரல்களை எல்லாப் பக்கமும் துழாவிப் பார்த்தாள்.

"ஓட்ட மாட்டேன்க்கா. தள்ளிக்கிட்டுத்தான் போறேன்."

"நாளைக்குப் பூசைக்குக் கூட்டிட்டு வந்துரணும்."

"வரேன். அப்புறம்?"

"அப்புறம் பாக்கலாம்லா."

அவளே பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தாள். வலது கால் கூடைக்குள் போனதும் ஐரீனின் உடம்பு விறைத்தது. கைகள் ஹேண்டில்பாரை இறுக்கின. உதடு உள்ளே போயிற்று.

"பாப்பா, அழணும்னா அழு" என்றான் பெஞ்சமின்.

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். "இறக்கி விட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. பினாங்கு ரோடு முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்தாள். அவன் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் அவள் முதுகுக்குப் பின்னால் பிரம்பையும் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தான். டத்தோ கிராமாட் ரோட்டில் டிராம் மணி அடித்துக்கொண்டு எதிரே வந்தது. அவன் சைக்கிளை அஞ்சடிக்கு ஏற்றினான். முதல் கடை, இரண்டாவது கடை. மூன்றாவது கடையில் தளம் ஒரு படி இறங்கியது. எவ்வளவு மெதுவாக இறக்கியும் முன்சக்கரம் டக்கென்று விழுந்தது.

ஐரீன் அழுதாள். முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு சத்தம் வந்தது. வந்த சத்தத்தில் கடையிலிருந்த தையல்காரர் மிஷினை நிறுத்தினார். மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. அம்மா என்று கத்தினாள், கால் என்று கத்தினாள், பிறகு வார்த்தை எதுவும் இல்லாமல் கத்தினாள். பெஞ்சமின் நிற்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. தனக்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்து ஹேண்டில்பாரின் பிடி வழுக்கியது, அவ்வளவுதான். இறுக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினான்.

முன்னால் ஒரு சீனத்தி அஞ்சடியை அடைத்துக்கொண்டு, பெரிய மரத்தொட்டியில் கடுகுக்கீரை அலசிக்கொண்டிருந்தாள். அழுகிற பிள்ளையையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, தொட்டியை இரண்டு கைகளாலும் சுவரோரம் இழுத்தாள். தண்ணீர் அலம்பிச் சிவப்புத் தளத்தில் கொட்டியது. அந்தத் தண்ணீரில் ஏறி இறங்கிய சக்கரம் ஒரு ஈரக் கோட்டை இழுத்துக்கொண்டு போயிற்று. தூண் தூணாகக் கடந்து, நீளமாக, அழுகைச் சத்தம் போன பக்கமே.