ஒரு வாஃபிள் வேகும் நேரத்தில்

...ஆமாம், ஒரு முழு நாட்டையும் ஒரு வாஃபிள் வேகும் நேரத்தில் கணித்து முடித்தவள் நான், நாடென்றால் எண்ணெய், மீன், வட்டி, வேலை போனவர்கள், மூடிய கடைகள், எல்லாம் சேர்த்துத்தான், பெரிய கணினி வாரக்கணக்கில் மூச்சிரைத்தும் முடிக்காததை, மூடி போட்ட சூடான இரும்பு அச்சில் ஊற்றிய வாஃபிள் மாவு நிறம் மாறுவதற்குள்... நம்ப வேண்டாம், என் கணவனே நம்பாமல்தான் செத்தான், நல்ல மனுஷன், ஆனால் நம்பவில்லை. நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் இதோ எனக்கு மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறான், ஹால்வர், பழுப்புப் பாலாடைக்கட்டியைக் காகிதம்போல் சீவிச் சீவித் தன் வாஃபிள்மேல் கூரை வேய்ந்துகொண்டிருக்கிறான், வெள்ளிக்கிழமை ஆனால் எங்களைப் போல ஓய்வு பெற்றவர்களையும், நாட்டின் பொருளாதாரத்தைக் கணிக்கிற இந்த அலுவலகம் வாஃபிளுக்குக் கூப்பிடுகிறது, கூப்பிட்டால் இவனும் வந்துவிடுகிறான், ஒரு வெள்ளிக்கிழமையாவது இவனுக்குச் சளி பிடிக்கக் கூடாதா? ஆஸ்லோவில் பாதிப் பேர் இருமிக்கொண்டு திரிகிற பிப்ரவரி மாதத்தில் இவனுக்கு மட்டும் மூக்குகூட ஒழுகுவதில்லை.

திரைக்கு முன்னால் நிற்கிற பெண் மார்ட்டே, கெட்டிக்காரி, காலில் கம்பளிக் காலுறை மட்டும், பனியில் நனைந்த பூட்ஸை வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள், என்ன சொல்கிறாள்... நாட்டின் பொருளாதாரத்துக்கு இரண்டு குணம், செழிப்பு ஒன்று, மந்தம் ஒன்று, எந்தக் குணத்தில் இருக்கிறதென்று அது வாயைத் திறந்து சொல்லாது, நாம்தான் தடயம் பார்த்து ஊகிக்க வேண்டும். தெரியுமடி பெண்ணே, தெரியும். ஒவ்வொரு காலாண்டிலும் இதுவா அதுவா என்றால் கடந்த காலம் இரண்டாகும், நான்காகும், எட்டாகும், கொஞ்ச வருடம் போனால் வானத்து நட்சத்திரமெல்லாம் போதாது, கணினி எல்லாக் கடந்த காலங்களையும் முதுகில் சுமந்துகொண்டு நடந்தால் என்ன ஆகும்? படுத்துவிடும். அதனால் ஒவ்வொரு படியிலும், இன்று செழிப்பில் வந்து நிற்கிற கதைகளையெல்லாம் கூட்டி ஒரே கதையாக்கு, எது எவ்வளவு நடந்திருக்கக் கூடியதோ அதற்கு அவ்வளவு எடை, மந்தத்தில் நிற்பவற்றையும் அப்படியே ஒன்றாக்கு, இரண்டே இரண்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போ... அவ்வளவுதான். அதோடு பெயரை ஆணியடித்து வைக்க வேண்டும், வளர்ச்சி குறைவான குணம்தான் மந்தம் என்று முதலிலேயே கட்டிப்போட வேண்டும், இல்லாவிட்டால் கணினி பாதி வழியில் இரண்டுக்கும் பெயரை மாற்றிவிடும், மந்தத்தைச் செழிப்பென்று கூப்பிடும், வெட்கமே இல்லாமல் கூப்பிடும். மார்ட்டே இதையெல்லாம் தானாகக் கண்டுபிடித்துச் சொல்கிறாள், கன்னம் சிவக்கச் சொல்கிறாள், முப்பது வருடத்துக்கு முன் இதே அறையில் நான் சொன்னதையே.

“மார்ட்டே, ஒரு நிமிஷம்.” ஹால்வர்தான். கையில் முள்கரண்டி, கண்ணாடி நெற்றியில். “பழைய முறையில மூணு நாள் ஓடுறது, உன்னோடதுல காபி ஆறுறதுக்குள்ள முடியுதுன்னா, அது நடுவுல எதையோ விழுங்கிட்டு ஓடுதுன்னு அர்த்தம். இவ்வளவு சீக்கிரம் வர்ற விடையை நான் நம்ப மாட்டேன்.” அன்று என்னிடம் சொன்ன அதே வாக்கியம்! ஒரு சொல் மாற்றவில்லை, முப்பது வருடமாக உப்புப் போட்டு வைத்திருந்தானா? “இல்ல ஹால்வர், நீங்க சோதனையைப் பாருங்க, எங்க இருந்து தொடங்கினாலும் அதே இடத்துலதான் வந்து நிக்குது...” என்கிறாள் மார்ட்டே, குரல் மெலிகிறது. அலுவலகத் தலைவி தொண்டையைச் செருமுகிறாள், “ஹால்வருக்கே சந்தேகம்னா, வசந்த கால அறிக்கைக்குப் பழைய முறையே இருக்கட்டும், இதை அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறாள், அப்புறம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அப்புறம் என்பது கீழ்த்தளத்துக் குப்பைத் தொட்டி, என்னுடையது அங்கேதான் போனது.

நான் கணித்து முடித்த அன்றும் வெள்ளிக்கிழமை. நான் கத்தினேன், முடிந்துவிட்டது என்று, அச்சுக்குப் பக்கத்தில் நின்ற ஹால்வர் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டான். அந்த முதுகு! சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, தோள்பட்டையில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது, அந்த நூலைப் பிடித்து இழுத்து அவனையே உரித்திருக்க வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னான், இவ்வளவு சீக்கிரம் வர்ற விடையை நான் நம்ப மாட்டேன் என்று. திங்கட்கிழமை மேலிடத்துக்குப் பழைய முறையின் விடை போனது, கணினி பெயரை மாற்றிக்கொண்ட விடை, தெருவில் கடைக்குக் கடை ஷட்டர் இறங்கிய குளிர்காலத்துக்கு மேலே, வரைபடத்தில், அழகான பச்சை நிறத்தில், ‘செழிப்பு’. கோட்டுப் போட்ட பன்னிரண்டு தலைகள் ஆடின. ஒருவராவது சிரித்திருக்கக் கூடாதா? ஒரு தும்மலாவது?

எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன்? தட்டு கையிலேயே இருக்கிறது, ஜாம் சாய்கிறது. “இந்தப் பொண்ணு சொல்றது சரி. இதை நான் இதே ரூம்ல, ஒரு வாஃபிள் வேகறதுக்குள்ள செஞ்சு காட்டினேன், கணினியில இருந்து புகை வந்துச்சு, மாவு அச்சுல பச்சையா அழுதுச்சு...” சிரிப்பு. எல்லோரும் சிரிக்கிறார்கள், அன்பாகத்தான், “தூர்ஹில்ட், போன கிறிஸ்துமஸ்ல ரெண்டு வாஃபிள்னு சொன்னீங்களே!” என்று யாரோ, “அதுக்கு முந்தின வருஷம் தீயணைப்பு வண்டி வந்துச்சு!” என்று இன்னொருவர், மறுபடி சிரிப்பு, மார்ட்டேகூட உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். கோபம் காதுவரை ஏறுகிறது, யார்மேல்? தீயணைப்பு வண்டியைக் கொண்டுவந்தவள் நான்தானே, வருடா வருடம் ஒரு புகை, ஒரு தீ, சொல்லச் சொல்ல இரண்டாகி, நான்காகி, எட்டாகி, இப்போது உண்மையில் நடந்த ஒன்றை எடுத்துக் காட்ட என்னிடம் எதுவும் மிச்சமில்லை, அது அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ நிற்கிறது, அதற்குச் சாட்சி இவன் ஒருவன்.

தட்டைக் கீழே வைக்கிறேன். புகை வேண்டாம், தீ வேண்டாம். “ஹால்வர், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீ அச்சுக்குப் பக்கத்துல நின்னியா, இல்லையா?”

அவன் வாயைத் துடைக்கிறான், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்குகிறான், மறுபடி ஏற்றுகிறான். “தீயணைப்பு வண்டியெல்லாம் வரல” என்கிறான். “அது தெரியும்டா, மேல சொல்லு.” “நீ கத்தினப்போ, இப்பத்தானே மாவு ஊத்தினோம், அதுக்குள்ளயான்னு தோணுச்சு. நம்பாம திரும்பி, மூடியைத் திறந்து பாத்தேன்.” முள்கரண்டியால் தட்டில் கோடு கிழிக்கிறான். “வேகாத வாஃபிள் ரெண்டாப் பிஞ்சு போச்சு. பாதி மேல, பாதி கீழ.”

திரும்பியது... அதற்காகவா? அந்த முதுகு என்னை நோக்கித் திருப்பிய முதுகு இல்லையா, வாஃபிளைப் பார்க்கக் குனிந்த முதுகா? அவன் நின்ற விதம், நடந்த விதம், பேசிய விதம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே ஒரு ஹால்வராக்கி இத்தனை வருடம் தூக்கிக்கொண்டு நடந்தேன், மிகச் சரியாக என் முறைப்படியே, அதில் குனிந்து மாவைப் பார்த்த இவனுக்கு நான் எவ்வளவு எடை கொடுத்தேன்? கொடுத்தேனா? ஆனால் பார்த்துவிட்டும் ஏன் அப்படிச் சொன்னான், மாவு ஈரமாக இருந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டும்... அதைக் கேட்க வாயெடுக்கிறேன், கோபம் இருக்கிறது, இருக்கத்தான் இருக்கிறது, எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

“அப்போ நிஜமாவே நடந்துச்சா?” மார்ட்டே கேட்கிறாள், என்னையில்லை, அவனை. தலைவி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

ஹால்வர் என்னைப் பார்க்கவில்லை, ஓரத்து மேசையிலிருக்கும் அச்சைப் பார்க்கிறான். “நடந்துச்சு” என்கிறான். “மதியம் வரைக்கும் உக்காந்து அந்தப் பச்சை மாவைச் சுரண்டினவன் நான்தானே.”