நாலு மில்லி

ஐந்தாவது முறையாக அந்தச் சிவப்பு வண்டி கீழ்க்கட்டளை மெக்கானிக் ஷெட்டு வாசலில் வந்து நின்றபோது லோகுவுக்கு முதலில் வலித்தது முழங்கால்தான். இன்னும் குனியக்கூட இல்லை, அதற்குள் வலி. நாற்பத்தேழு வயதில் முழங்காலுக்கு வண்டி அடையாளம் தெரிய ஆரம்பித்துவிட்டால் அப்புறம் என்ன பிழைப்பு என்று அவனுக்கே அலுப்பாக இருந்தது.

இரண்டே கதவு, இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிற ஸ்போர்ட்ஸ் கார். கம்பெனி கொடுத்த சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு, வெளியே வாங்கின சஸ்பென்ஷனை லோகுதான் மாட்டிக் கொடுத்திருந்தான். சக்கரத்துக்கு ஒன்றாக, மரை வெட்டிய குழாய்கள் நாலு. ஒரு பக்கம் திருகினால் வண்டி ஏறும், மறுபக்கம் திருகினால் இறங்கும். கேட்பதற்குச் சுலபம். ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழற்றி, மண்டி போட்டுத் திருகி, மறுபடி மாட்டி, இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி ஸ்பிரிங்கை உட்கார வைத்து, சக்கரத்துக்கு மேலே பாடி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று டேப் பிடித்து அளக்க வேண்டும். சரியில்லை என்றால் முதலிலிருந்து. நாலு சக்கரத்துக்கும் இதே கூத்து.

வண்டிக்குச் சொந்தக்காரன் எபி. கோவிலம்பாக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன்தான், அதுதான் தொல்லை. திட்டலாம் என்றால் வாய் வராது.

"சாரிண்ணா. ரைட் ஃப்ரண்ட் மறுபடியும் இறங்கியிருக்கு. பதினாலு மில்லிமீட்டர்," என்று செல்போனை நீட்டினான் எபி. படத்தில் சக்கரத்தின் பக்கத்தில் டேப் நின்றது.

"போன தபா இங்க நீங்களே டேப்பு புட்சி அளந்தீங்களா இல்லியா?"

"அளந்தேண்ணா. இங்க நாலும் சரியா இருந்துச்சு. வீட்டுக்குப் போனா இறங்கிடுது."

"இன்னா சார், வூட்டுக்குப் போனா அதுவும் சட்டைய கயட்டிட்டு ஒரு பக்கமா சாஞ்சி படுத்துக்குதா?"

எபி சிரித்தான். லோகுவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாட்ஸ்அப்பில் இந்தப் பக்கத்து கார் பைத்தியங்கள் இருநூறு பேர் சேர்ந்த குழு ஒன்று இருந்தது. லோகுவிடம் வருகிற வண்டியெல்லாம் அதிலிருந்துதான் வரும். அதில் எபி போன வாரம் எழுதியிருந்தான்: 'லோகு அண்ணாவிடம் நாலு தடவை போயும் சரியாகவில்லை, வேறு யாராவது தெரியுமா?' திட்டி எழுதியிருந்தால் பத்துப் பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள். பணிவாக எழுதியதால் எல்லோரும் நம்பிவிட்டார்கள். அந்த வாரம் வர வேண்டிய மூன்று வண்டிகள் வரவில்லை. கூடுவாஞ்சேரி ஸ்ரீவத்சன், மூன்று வருஷமாக வருகிறவன், 'அப்புறம் பார்க்கலாம்ணா' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டான். அந்த ஒரு வரி லோகுவுக்கு உடம்பு வலியைவிட அதிகமாக வலித்தது.

ஏனென்றால் அவன் பேரே ஷெட்டுத் தரையால் வந்த பேர். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஷெட்டு போட்டபோது, பொன்னுரங்கம் மேஸ்திரியைப் பிடுங்கி எடுத்து, சக்கரம் நிற்கிற நாலு இடமும் இம்மி பிசகாமல் ஒரே மட்டத்தில் வரும்படி தரை போட வைத்தான். அந்த இடங்களில் மஞ்சள் பெயின்ட்டில் நாலு கட்டம். தரை சரியாக இருந்தால்தான் அளவு சரியாக இருக்கும் என்பது அவன் வேதம். குழுவில் 'லோகு அண்ணா தரை' என்றே சொல்வார்கள்.

"ஒண்ணு பண்ணலாம் சார். இங்க தொட வேணாம். உங்க வூட்டாண்ட போயே பாத்துடலாம்," என்றான் லோகு.

வழியில் ஒவ்வொரு வேகத்தடையையும் எபி நண்டு மாதிரிக் கோணலாக ஏறி இறங்கினான். பின்னால் ஆட்டோக்காரர்கள் ஹாரனிலேயே வைதார்கள். வீட்டில் எபியின் அம்மா மெட்டில்டா, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கார் நிற்கிற போர்ட்டிகோவைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார். லோகு வண்டியை விட்டு எழுந்திருக்கவே அரை நிமிஷம் ஆனது. எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கழுவிய தண்ணீர் முழுக்க கேட்டை ஒட்டிய இடது மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இந்த மூலைக்கு வாட்டம் வுட்டது யாரு?"

"நான்தான்பா விடச் சொன்னேன். ரோடு போட்டுப் போட்டு எங்க வீடு பள்ளமாயிடுச்சு. மழைத் தண்ணி உள்ள வந்து நிக்குது. அதான் தரையை மறுபடி போட்டப்ப, அந்த மூலையில ஒரு ஓட்டை வெச்சு அதுக்கு இறக்கி விடச் சொன்னேன். ஏன், தப்பா?"

"தப்பில்ல டீச்சர். தண்ணிக்கி ரொம்ப கரெக்டு."

எபி தினமும் வண்டியின் மூக்கு கேட்டைப் பார்க்க ரிவர்ஸில் விடுவான். இடது முன் சக்கரம் சரியாக அந்த மூலையில் இறங்கி நிற்கும். அது பள்ளத்தில் தொங்கினால் வலது முன்பக்கம் அமுங்கத்தானே செய்யும்? பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து மட்டம் பார்க்கிற தண்ணீர் டியூபைக் கேட்டு வாங்கி வந்தான் லோகு. எபி ஒரு முனையைப் பிடித்தான், லோகு ஒரு முனை. அந்த மூலை மட்டும் இரண்டு சென்டிமீட்டர் பள்ளம்.

டைல்ஸ் துண்டுகளை அடுக்கி அந்தப் பள்ளத்தைச் சரிக்கட்டி, வண்டியை உருட்டிக் கொண்டுவந்து மேலே நிறுத்தி அளந்தார்கள். பதினாலு இருந்த இடத்தில் நாலு.

எபியின் முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ அண்ணா, உங்களைப் போய்..." என்று ஆரம்பித்தவன், அங்கேயே நின்று குழுவில் எழுதினான்: 'தப்பு என் வீட்டுத் தரையில். லோகு அண்ணா வேலையில் ஒரு குறையும் இல்லை. எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கிறேன்.' மெட்டில்டா டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"அந்த நாலு மில்லி எங்கேர்ந்து வருது சார்?" என்றான் லோகு.

"விடுங்கண்ணா. நாலு மில்லி யாரு கண்ணுக்குத் தெரியப் போகுது? டேப் பிடிக்கிறதுல வர்ற வித்தியாசம்."

லோகுவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான். ஆனால் முப்பது வருஷமாக டேப் பிடிக்கிற கை அது. நாலு மில்லி தவறுகிற கை இல்லை. கீழ்க்கட்டளைக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, நாளைக்குத் தருகிறேன் என்று கேட்டு வாங்கிய அந்த டியூப் மடியில் சுருண்டு கிடந்தது.

ஷெட்டுக்கு வந்தபோது ஐந்து மணி வெயில் உள்ளே நீளமாக விழுந்திருந்தது. டியூபின் ஒரு முனையை ஸ்டாண்டில் கட்டிவிட்டு, மறுமுனையை ஒவ்வொரு மஞ்சள் கட்டமாகக் கொண்டு போனான். முன்பக்கம் இரண்டும் சரி. பின்பக்கம் வலது சரி. பின்பக்கம் இடது கட்டத்தில் தண்ணீர் எட்டு மில்லி விலகி நின்றது.

குமிழி இருக்கும் என்று டியூபை உதறினான். மறுபடி வைத்தான். மூன்றாவது தடவையும் அதே எட்டு மில்லி. தரை இறங்கியிருந்தது. பின் இடது சக்கரம் பள்ளத்தில் நின்றால் குறுக்கே வலது முன்பக்கம் தூக்கும்; தூக்கியதை அவனே நாலு மில்லி திருகி இறக்கிச் 'சரி' பண்ணியிருக்கிறான்.

போன கார்த்திகை மழையில் பின் சுவரை ஒட்டி மூன்று நாள் தண்ணீர் நின்றது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. கம்ப்ரஸரை மேலே தூக்கி வைத்தான், டூல்ஸையெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டான். தரையை மட்டும் பார்க்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்தாயிற்றே! ஊரில் உள்ள தரையெல்லாம் கோணலாக இருக்கலாம், அவன் தரை கோணலாகுமா?

அவமானமாக இருந்தது. தனியாக நின்றுகொண்டிருந்தும் முகம் சுட்டது.

சுவரில் ஒவ்வொரு வண்டியின் நம்பரும், நாலு சக்கரத்தின் அளவும் பென்சிலில் வரிவரியாக எழுதியிருந்தன. மழைக்குப் பிறகு முப்பத்தொரு வண்டிகள். எல்லா வரியிலும் இடதும் வலதும் அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தன. அத்தனையும் பொய்.

செல்போன் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. 'லோகு அண்ணா தரைன்னா சும்மாவா!' 'மாஸ்!' ஸ்ரீவத்சன்கூட எழுதியிருந்தான்: 'சாரிண்ணா, நாளைக்கே வரேன்.'

மூலையில் ஒரு தகட்டை வெட்டிப் போட்டு, மேலே மஞ்சள் பெயின்ட் அடித்தால் முடிந்தது. அரைமணி நேர வேலை. யாருக்குத் தெரியும்? நாலு மில்லி கண்ணுக்கே தெரியாது என்று எபியே சொல்லிவிட்டான். லோகு அதை நினைக்காமல் இல்லை. நன்றாகவே நினைத்தான். தகடு எந்தப் பரண்மேல் இருக்கிறது என்பதுவரை நினைத்தான்.

வீட்டிலிருந்து மனைவி துர்கா போனில் கூப்பிட்டாள். "வரியா இல்லியா? இன்னா, கொரலே ஒரு மாரி கீது?"

"முட்டி வலி. வந்துகினே கீறேன்."

வைத்துவிட்டு, குழுவைத் திறந்து குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினான்.

"எல்லாருக்கும் வணக்கம். லோகு பேசறேன். எபி சார் மன்னாப்பு கேட்டுக்கினாரு, அது வேணாம். அவர் வூட்டுத் தரை பத்து மில்லி. மீதி நாலு மில்லி என்துதான். என் தரை எறங்கிகீது. நான் பாக்கல, எம்மேல தப்பு. போன மழைக்கு அப்பால எங்கிட்ட வந்த வண்டி எதுவும் சரியா நிக்காது. தரைய ஒட்ச்சி திருப்பிப் போட்டுட்டு சொல்றேன், எல்லாரும் வண்டிய எட்த்துக்கினு வாங்க. திருப்பிப் பண்ணிக் குடுக்கறேன்."

அனுப்பினான். துடித்துக்கொண்டிருந்த போன் சட்டென்று அடங்கியது. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. லோகு ஒரு டயரின் மேல் உட்கார்ந்தான்.

முதலில் எழுதியது ஸ்ரீவத்சன்தான். 'அப்போ என் வண்டியுமாண்ணா?'

லோகு சுவரைப் பார்த்தான். பதினேழாவது வரி. நாலு எண்ணும் அவன் கையெழுத்துத்தான்.

'ஆமா சார்' என்று அடித்து அனுப்பிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சம்மட்டியைத் தேடப் போனான்.