காய்ச்சல் வராத கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிடைத்தது. வெளிநாடு போகிறவர்களுக்குத் தடுப்பூசி போடும் கிளினிக் அது. மளிகைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. ஊசி போட்டதும் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். மயங்கி விழுகிறவர்கள் படிக்கட்டில் விழாமல் தங்கள் கண்ணெதிரே விழட்டும் என்ற நல்லெண்ணம். நான் விழவில்லை. போவதாக இருந்த ஊருக்கும் கடைசியில் போகவில்லை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கும் நர்ஸின் அறைக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்பு. இருபது நிமிடமும் ஒட்டுக் கேட்டேன். (இந்தத் தொழிலுக்கு வேறு முதலீடு கிடையாது.)

கேட்டது பாதி. மீதி என் கைச்சரக்கு. எது எங்கே முடிகிறது என்று அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

2

முதல் வரியை நான்கு முறை எழுதினேன்.

உலக வரைபடத்தின் கீழ் நின்றிருந்த அந்த நர்ஸின் கண்களில் இனம்புரியாத — இனம்புரியாதது ஒன்றும் இல்லை. மதியச் சாப்பாடு தள்ளிப் போயிருந்தது. பசி.

பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்த மண்ணை மிதிக்கப் போகும் ஒருவனின் — இதை முடித்திருந்தால் பேனாவைப் பிடுங்கிவிட வேண்டும்.

நோய் என்பது — கட்டுரை. வேண்டாம்.

நான்காவது நிற்கட்டும்: நர்ஸ் குழந்தையின் செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு எடை மெஷின் மேல் ஏற்றினாள்.

பதினேழு கிலோ. ஐந்து வயதுப் பெண் குழந்தை. அப்பா லிப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேரே வந்திருந்தான், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று வாரத்துக்குத் தான் பிறந்த ஊருக்குப் போகிறான். அவனைத் தூக்கி வளர்த்த அக்கா அங்கே இருக்கிறாள். மனைவி பிறந்து வளர்ந்தது இங்கே. அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, போகவில்லை. இரண்டு பேரையும் கிளினிக்குக்கு இழுத்து வந்தவள் அவள்தான்.

3

நர்ஸ் ஒரு தப்பு செய்தாள். எல்லோருக்கும் வாசிக்கிற மஞ்சள் தாளை அவனுக்கும் வாசித்தாள். சுற்றுலாப் பயணிகளை நினைத்து அடித்த தாள் அது.

"குழாய்த் தண்ணி குடிக்கக் கூடாது. ஐஸ் கூடாது. தோல் உரிக்காத பழம் கூடாது. தெருநாய்கிட்ட விளையாடக் கூடாது. உள்ளூர் மக்கள் வீட்ல சாப்பிடும்போது கொஞ்சம் கவனமா..."

"உள்ளூர் மக்கள்னா யாரு சிஸ்டர்?"

"அங்க இருக்கிறவங்க சார்."

"எங்க அக்கா."

நர்ஸ் தாளைக் கவிழ்த்து வைத்தாள். பதினோரு வருடமாக வாசித்து வந்த வரி. அதற்குள் யாருடைய அக்காவோ இருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"நான் அப்படிச் சொல்லல சார்."

"எழுதியிருக்கே. அக்கா ஓடி வந்து தண்ணி நீட்டுவா. 'வேண்டாம்க்கா, சிஸ்டர் திட்டுவாங்க'ன்னு சொல்லவா?"

"கொதிக்க வெச்சுத் தாங்கன்னு சொல்லுங்க," என்றாள் மனைவி. "டீல சக்கரை கம்மின்னு என்கிட்ட சொல்ல மட்டும் வாய் வருதில்ல."

"சரி, தண்ணியை விடு. மலேரியா மாத்திரை எதுக்கு? அந்தக் கொசுவோடயே வளர்ந்தவன் நான். அதுங்களுக்கு என்னைத் தெரியும்."

"உங்களைத் தெரிஞ்ச கொசுவெல்லாம் செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு சார்," என்றாள் நர்ஸ்.*

மனைவி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"எனக்கு வேணா எழுதுங்க, போட்டுக்கறேன். பாப்பாவுக்கு வேண்டாம். அக்கா வீட்டுப் புள்ளைங்க சும்மா ஓடிட்டிருக்கும். இவ மட்டும் தினம் மாத்திரை முழுங்கிட்டு நின்னா, உங்க ஊரே நோய்னு சொல்ற மாதிரி இருக்காதா?"

* நர்ஸ் சொன்னது வெறும் கிண்டல் இல்லை. மலேரியா உள்ள ஊரில் வளர்ந்த உடம்பில் ஓரளவு எதிர்ப்பு சேரும். ஊரை விட்டு வந்தால் சில வருடங்களில் கரைந்துவிடும். குழந்தைக்கு ஆரம்பத்திலிருந்தே கிடையாது. சுற்றுலா போகிறவர்கள் பயந்து ஒரு அட்டை மாத்திரை கூடுதலாகக் கேட்பார்கள். சொந்த ஊர் போகிறவர்கள்தான் வேண்டாம் என்பார்கள்.

4

ஆக, அவன் பயந்தது மாத்திரைக்கு இல்லை, அக்காவின் முகத்துக்கு. விமானம் ஏறிய பிறகு குழந்தையின் அம்மா கூட இருக்க மாட்டாள். தினமும் மாத்திரை கொடுக்க வேண்டியவன் இவன் ஒருவன். இவனுக்கு மனம் இல்லாவிட்டால் அட்டை பிரிக்காமல் பையிலேயே திரும்பி வரும். குழந்தை எப்படித் திரும்பி வரும் என்பதை — [பிறகு.]

இங்கே எனக்கு நர்ஸ் மேல் சந்தேகம் வந்தது. வேண்டாம் என்கிறவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். ஏன் மெனக்கெடுகிறாள்? அதனால் அவளுக்கு ஒரு பழைய சோகம் கொடுத்துப் பார்த்தேன்: வருடங்களுக்கு முன்பு அவள் சரியாக எடுத்துச் சொல்லாமல் விட்ட ஒரு குடும்பம், ஒரு குழந்தை. அரைப்பக்கம் உருக்கமாக வந்தது. அடித்துவிட்டேன். ஒருத்தி தன் வேலையை ஒழுங்காகச் செய்வதற்குப் பின்னால் ஒரு பிணம் இருந்தே ஆக வேண்டுமா?

அடுத்து, லிப்டை வைத்து அவனை மடக்கினேன். "இருபது வருஷம் நல்லா ஓடின லிப்ட்னு பிரேக்கை செக் பண்ணாம விடுவீங்களா சார்?" அவன் உடனே தலைகுனிந்து, "புரிஞ்சுது சிஸ்டர்" என்றான். இரண்டே வரியில் மனம் மாறுகிற மனிதனை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் அந்த வரிகளை வைத்துக்கொள்ளுங்கள்.

5

நான் காதால் கேட்டது இது. குழந்தையின் ஊசியைத் தயார் செய்துகொண்டே, பேச்சை மாற்றுவதற்காக நர்ஸ் கேட்டாள்:

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

"என்னோட சேர்த்து ஆறு. அக்கா மூத்தவ, நான் கடைக்குட்டி. கொசுவலையும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

"எல்லாரும் ஊர்லயா இருக்காங்க?"

"அக்கா ஊர்ல. ஒரு அண்ணன் துறைமுகத்துல வேலை. இன்னொரு அண்ணன் லாரி ஓட்டறான். அப்புறம் நான்."

பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலு.

மனைவிதான் மெதுவாகக் கேட்டாள். "இன்னும் ரெண்டு பேரு?"

"அவங்க சின்னதுலயே..."

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒருத்திக்கு நாலு வயசு. ஒருத்தன் நடக்கவே ஆரம்பிக்கல. நான் பிறக்கறதுக்கு முன்னாடி. காய்ச்சல்தான். அப்பல்லாம் எல்லா வீட்லயும் அப்படித்தான்."

"இத்தனை வருஷத்துல நீங்க சொன்னதே இல்ல."

"எனக்கு முகமே தெரியாதே. அக்காவுக்குத்தான் தெரியும். அவதான் ரெண்டு பேரையும் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினா. பதிமூணு வயசு அவளுக்கு."

நர்ஸின் குரல் வந்தது. "அப்படின்னா இந்த மாத்திரையை அவங்ககிட்ட ஒளிக்க வேண்டாம் சார். போனதும் எடுத்து அவங்க கையிலயே குடுத்துடுங்க."

பதில் வருவதற்குள் என் இருபது நிமிடம் முடிந்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெண் என் சீட்டில் முத்திரை குத்தி, போகலாம் என்றாள். போக மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

6

இதற்கு மேல் எல்லாம் என்னுடையது.

முதல் முடிவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. எழுதினேன். சுடுகிற நெற்றி, கிடைக்காத வண்டி, அக்காவின் மூச்சு. நன்றாக வந்திருந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. கதையின் வசதிக்காக ஒரு குழந்தையைக் காய்ச்சலில் படுக்க வைத்துவிட்டு, வாக்கியத்தின் நடை சரியாக இருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது முடிவில் ஒன்றுமே நடக்கவில்லை. போனார்கள், வந்தார்கள். சிக்கல் என்னவென்றால், தடுப்பு வேலை ஜெயித்தால் கண்ணுக்குத் தெரியாது. நர்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்தால் அவளுக்கு எந்தச் செய்தியும் வராது. கதைக்கு வேண்டியது காய்ச்சல். குழந்தைக்கு வேண்டியது கதையே இல்லாமல் வீடு வந்து சேர்வது. இருவரில் ஒருவர் பக்கம்தான் நிற்க முடியும் என்றால் நான் குழந்தை பக்கம்.

7

அதனால் இப்படி வைத்திருக்கிறேன். மூன்றாவது வாரம், ஒரு முற்பகல், கிளினிக்கில் போன் அடிக்கிறது.

"சிஸ்டர், நான் லிப்ட் மெக்கானிக். பாப்பா மாத்திரையை வாந்தி எடுத்துட்டா."

"காய்ச்சல் இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. பழத்தை ஒரேயடியா தின்னுட்டா. அக்கா தோல் உரிச்சுத்தான் குடுத்தா."

"குடுத்து எவ்வளவு நேரத்துல வாந்தி?"

"இருபது நிமிஷம்."

"ஒரு மணி நேரத்துக்குள்ளன்னா இன்னொண்ணு குடுக்கணும். பாலோட குடுங்க."

"அக்காவும் அதான் சொன்னா. எனக்குத்தான் பயம், ரெண்டாப் போயிடுமோன்னு." பின்னால் குழந்தைகளின் கூச்சல். "இங்க ஒரே ரகளை சிஸ்டர். காலைல இவளுக்கு மாத்திரைன்னா அக்கா வீட்டுப் புள்ளைங்க எல்லாம் எங்களுக்கும் வேணும்னு வரிசையில நிக்குது. அக்கா ஆளுக்கு ஒரு சிட்டிகை சக்கரை போட்டு விரட்டறா. எல்லாரையும் வலைக்குள்ளதான் படுக்க வைக்கறா."

"நல்லது. ஒரு மாத்திரை குறையும், திரும்பி வந்ததும் இங்க வந்து வாங்கிக்குங்க. வந்த பிறகும் ஏழு நாள் விடாம குடுக்கணும் சார். நிறைய பேர் அங்கதான் விட்டுடறாங்க."

நர்ஸ் போனை வைத்தாள். அவளுக்கு வந்தது ஒரு வாந்திச் செய்தி. அன்று முழுக்க அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது என்று எழுதினால் நம்புவீர்களா? எழுதிவிட்டேன்.

அந்த ஏழு நாளை நான் எழுதப் போவதில்லை. பெட்டி பிரித்தாகிவிட்டது, அவன் வேலைக்குப் போய்விட்டான், அம்மாவுக்கும் நேரமாகிவிட்டது. அட்டையில் ஆறு மாத்திரை இருக்கிறது. ஏழாவதுக்கு யாராவது இரண்டு மாடி ஏற வேண்டும். கண்ணுக்கு முன்னால் ஆபத்து எதுவும் தெரியவில்லை, குழந்தை நன்றாக விளையாடுகிறாள். இன்றைய மாத்திரையைப் பொடித்து ஜாமில் குழைத்தாயிற்று. அவள் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். பள்ளி வண்டி தெருமுனையில் திரும்புகிறது.

ஸ்பூனை உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.